ரெசின் டேங்கைத் தாண்டி நிக்கல் வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முலாம் பூசும் பட்டறைகளில் நிக்கல் தொட்டியிலிருந்து எடுத்த பொருளை அலசிய தண்ணீரில் லிட்டருக்கு 10, 20, சில சமயம் 50 மில்லிகிராம் வரைக்கும் நிக்கல் இருக்கும். அதை ஓடையிலோ ஆற்றிலோ விட வேண்டுமானால் நம் நாட்டுச் சட்டப்படி லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் கொண்டுவர வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் இன்னும் கடுமை: நிக்கல் 0.02, ஈயம் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001 மில்லிகிராம். சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ (இனி காஸ்டிக்) போட்டு வண்டலாக இறக்கிய பிறகும் மிச்சமிருக்கும் உலோகத்தைப் பிடிக்கத்தான் கீலேட்டிங் ரெசின், அதாவது உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் மணிகள், நிரப்பிய டேங்கை வைக்கிறோம்.

அரை மில்லிமீட்டர் அளவிலான பாலிஸ்டைரீன் மணிகள் அவை. டைவினைல் பென்சீனால் குறுக்கே பிணைக்கப்பட்டு, மேலே இமினோடைஅசிட்டேட் என்ற கைகள் பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண மென்னீராக்கி ரெசின் கால்சியம், நிக்கல் என்று பெரிதாகப் பிரித்துப் பார்க்காது. இது பார்க்கும். செம்பு, ஈயம், நிக்கல், துத்தநாகம், காட்மியம், அப்புறம் வெகு தூரம் தள்ளி கால்சியம், மெக்னீசியம், கடைசியில் சோடியம் என்று ஒரு முன்னுரிமை வரிசை இதற்கு உண்டு.

டேங்க் சரியாக வேலை செய்யவில்லை என்றதும் "ரெசின் போச்சு, மாத்திடலாம்" என்பதுதான் முதலில் கிளம்பும் பேச்சு. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் ரெசினில் எந்தக் குறையும் இருந்ததில்லை. ரெசின் பிடிப்பது தனியாகக் கரைந்து நிற்கும் நேர்மின் அயனியை. தண்ணீரில் உலோகம் வேறு வடிவத்தில் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரெசினும் அதைத் தொடாது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும், வால்வைத் திருகுவதற்கு முன்னால் கீழே உள்ள சோதனையைச் செய்துவிடுங்கள்.

முதலில் மூன்று பாட்டில்

டேங்குக்குள் நுழையும் தண்ணீரை மூன்று பாட்டிலில் எடுங்கள். முதல் பாட்டிலை வடிகட்டாமல், நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு பி.எச். 2க்குக் கீழே இறக்கி வையுங்கள். இரண்டாவதை அங்கேயே, அப்போதே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிய பிறகு அமிலம் சேருங்கள். வரிசை முக்கியம். அமிலம் விட்டுவிட்டு வடிகட்டினால் மிதக்கும் ஹைட்ராக்சைடு எல்லாம் கரைந்து இறங்கி, இரண்டு பாட்டிலும் ஒரே எண்ணைக் காட்டும்.

மூன்றாவதில் வடிகட்டிய தண்ணீர் அரை லிட்டர் எடுத்து, பி.எச். 5க்குக் கொண்டுவந்து, நன்றாகக் கழுவிய ரெசின் ஒரு மேசைக்கரண்டி போட்டு ஒரு நாள் முழுக்கக் குலுக்க விடுங்கள். நடுநடுவே பி.எச். பாருங்கள். முழு சோடியம் நிலையில் உள்ள (கைகளில் எல்லாம் சோடியம் ஏறியிருக்கும்) ரெசின் என்றால் தண்ணீரை 9, 10 வரை ஏற்றிவிடும். அப்போது நிக்கல் ரெசினில் ஏறாமல் வண்டலாக இறங்கியிருக்கும், நீங்கள் ரெசின் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

மூன்றையும் ஆய்வகத்தில் கொடுத்து வரும் எண்களை இப்படிப் படிக்கலாம். முதலாவது அதிகம், இரண்டாவது குறைவு என்றால் உலோகம் துகளாக வருகிறது. இரண்டாவது அதிகமாக இருந்து மூன்றாவதும் இறங்கவில்லை என்றால் உலோகத்தை வேறொன்று பிடித்து வைத்திருக்கிறது, அல்லது அது எதிர்மின் அயனியாக இருக்கிறது. மூன்றாவது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? ரெசினும் நல்லது, தண்ணீரும் நல்லது. கோளாறு டேங்கை ஓட்டும் விதத்தில்.

அறிகுறி: புது ரெசின், முதல் மணி நேரத்திலிருந்தே உலோகம் தாண்டி வருகிறது

துகள் என்றால் தீர்வு சுலபம். வண்டல் தொட்டியிலிருந்து தப்பி வரும் ஹைட்ராக்சைடு பஞ்சு மணிகளின் இடுக்கு வழியாக அப்படியே வெளியேறும். முன்னால் மணல் வடிகட்டி, அதற்குப் பின் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வைத்தால் போதும். அல்லது பி.எச்.சை 5க்கு இறக்கிக் கரைத்துவிட்டு ரெசினில் விடலாம். கரைந்தால் ரெசின் பிடித்துக்கொள்ளும்.

உலோகத்தை வேறொன்று பிடித்திருப்பதுதான் நிஜமான தலைவலி. யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் பட்டறைக்குள் போய் எந்தெந்த அலசு தண்ணீர் எங்கே கலக்கிறது என்று குழாயோடு குழாயாக நடந்து பாருங்கள்.

அம்மோனியா என்றால் கவலை வேண்டாம். கார நிலையில்தான் அது நிக்கலையும் செம்பையும் கட்டி வைக்கும். பி.எச். 5க்கு வந்ததும் அம்மோனியா அம்மோனியமாக மாறி உலோகத்தை விட்டுவிடும்.

சிட்ரேட், மேலேட், லாக்டேட் போன்றவை மின்சாரமில்லாமல் பூசும் நிக்கல் தொட்டியிலிருந்து வரும். இவற்றின் பிடி ரெசினின் பிடியை விடத் தளர்வு. ரெசின் நிக்கலைப் பறித்துக்கொள்ளும், ஆனால் மெதுவாக. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இ.டி.டி.ஏ. (உலோகத்தை மிக இறுகக் கட்டிப்போடும் வேதிப்பொருள்) வந்தால் கதை வேறு. நிக்கலோடு இமினோடைஅசிட்டேட்டின் பிணைப்பு வலிமையை மடக்கை அளவில் சொன்னால் சுமார் 8. இ.டி.டி.ஏ.வுக்கு 18க்கு மேல். இந்தப் போட்டியில் ரெசினுக்கு வாய்ப்பே இல்லை. மின்சாரமில்லாச் செம்புத் தொட்டிகளிலும் சில வகைக் கழுவு மருந்துகளிலும் இது இருக்கும். அந்த அலசு தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துவிடுவதுதான் உருப்படியான வழி. மொத்தத் தொட்டியில் கலந்துவிட்டால் ஒரு வாளி இ.டி.டி.ஏ. தண்ணீர் ஒரு லாரித் தண்ணீரைக் கெடுக்கும். பிரித்து எடுத்ததில் ஃபெரிக் குளோரைடு சேர்த்து, பி.எச். 3க்குக் கீழே வைத்து, இ.டி.டி.ஏ.வை இரும்பின் பக்கம் திருப்பிவிட்டு, பிறகு சுண்ணாம்பில் உலோகத்தை இறக்கும் முறை உண்டு. எவ்வளவு இரும்பு தேவை என்பதைக் கண்ணாடிக் குடுவையில் பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போங்கள்.

சயனைடு இருக்கும் பட்டறைகளுக்கு ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சயனைடு கலந்த தண்ணீர் ரெசின் டேங்கை நெருங்கவே கூடாது. அந்த டேங்கில் பிற்பாடு அமிலம் விடப்போகிறோம். அமிலமும் சயனைடும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு, ஆளைக் கொல்லும். பி.எச். 10க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட்டால் சயனைடை முழுதாக அழித்து, அழிந்தது என்று சோதித்த பிறகே அடுத்த படி.

கடைசியாக, எதிர்மின் அயனி. ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாக நிற்கிறது. ஆர்சனிக்கும் அப்படித்தான், ஆர்சனேட்டாக. நேர்மின் அயனிக்குக் காத்திருக்கும் இமினோடைஅசிட்டேட் இந்த இரண்டையும் கண்டுகொள்ளாது. குரோமேட் அதோடு நிற்காமல் ரெசினை ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கவும் செய்யும். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியலைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் எவ்வளவு எளிதாக நிலத்தடி நீரோடு நகரும் என்று சொல்ல வேண்டியதில்லை. குரோமேட்டை பி.எச். 2 முதல் 3க்குள் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டால் மூன்று இணைதிறனுக்கு இறக்கி, 8 முதல் 9இல் வண்டலாக்கிவிடுங்கள். மூன்று இணைதிறன் குரோமியத்தையும் ரெசினுக்கு அனுப்பாதீர்கள். மெதுவாக ஏறும், ஏறிய பிறகு அமிலத்துக்கும் இறங்க மறுக்கும். ஆர்சனிக்குக்கு வேறு வகை ரெசின் இருக்கிறது: எதிர்மின் அயனி ரெசினின் நுண்துளைக்குள் இரும்பு ஆக்சைடு நானோ துகளைப் பொதித்தது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் அருப் சென்குப்தாவின் குழு உருவாக்கி, மேற்கு வங்கக் கிராமக் கிணறுகள் வரை கொண்டுபோன தொழில்நுட்பம் அது.

அறிகுறி: நன்றாக ஆரம்பிக்கிறது, கணக்குப் போட்டதை விடச் சீக்கிரம் தாண்டிவிடுகிறது

முதலில் கணக்கு சரிதானா என்று பாருங்கள். 100 லிட்டர் ரெசின் இருக்கிறது. நடைமுறையில் லிட்டருக்கு 25 கிராம் நிக்கல் பிடிக்கும் என்று வைத்தால் மொத்தம் 2,500 கிராம். உள்ளே வரும் தண்ணீரில் 20 மில்லிகிராம் என்றால் 1,25,000 லிட்டர் ஓட வேண்டும். மணிக்கு 1,000 லிட்டர் ஓட்டினால் 125 மணி நேரம். இதில் பாதியிலேயே தாண்டினால் காரணம் தேட வேண்டியதுதான்.

சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் கால்சியம். தனித்தனியாகப் பார்த்தால் நிக்கல் எளிதில் ஜெயிக்கும். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். போர்வெல் தண்ணீரில் அலசினால் கால்சியம் 200 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். சமானக் கணக்கில் (எடையை விட்டு, அயனிகளின் மின்சுமையை எண்ணும் கணக்கில்) அது 20 மில்லிகிராம் நிக்கலைப் போல சுமார் 15 மடங்கு. திருவிழாக் கூட்டத்தில் பேருந்தில் முன்பதிவு செய்தவர் ஏறுவது மாதிரி, உரிமை இருந்தும் நிக்கல் உள்ளே போகத் தாமதமாகும். பி.எச்.சை 4.5 முதல் 5க்குள் வைத்தால் கால்சியத்தின் பிடி வெகுவாகத் தளரும், நிக்கலுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. இதைவிட நல்லது, கடைசி அலசுக்கு மென்னீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்துவது. பொருளில் வெள்ளைத் திட்டும் குறையும்.

அடுத்தது வேகம். உலோகம் மணியின் மேற்பரப்பில் ஒட்டி நின்றுவிடுவதில்லை, உள்ளே ஊர்ந்து போக வேண்டும். மென்னீராக்கிக்குப் பழகிய ஆபரேட்டர் அதே வேகத்தில் இதையும் ஓட்டினால் உள்பக்கம் காலியாக இருக்கும்போதே வெளியே உலோகம் வரும். மணிக்கு ரெசின் அளவைப் போல 8 முதல் 15 மடங்கு வரை போதும். அழுக்குத் தண்ணீர் என்றால் இன்னும் குறையுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் ஒரே தடத்தில் வழி கண்டுபிடித்து ஓடுவது. பார்வைக் கண்ணாடி உள்ள டேங்க் என்றால் நேராகவே தெரியும். நிக்கல் ஏறிய ரெசின் பச்சையாகும், செம்பு ஏறியது நீலமாகும். அந்த நிறத்தின் கீழ் விளிம்பு கிடைமட்டமாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பச்சை நாக்கு நீட்டி அடிவரை போயிருந்தால் அதுதான் தடம். பெட் (டேங்கில் உள்ள ரெசின் படுகை) 50 சதவீதம் உயர்கிற மாதிரி பேக்வாஷ் (கீழிருந்து மேலே தண்ணீர் விடுவது) கொடுத்து நிதானமாக அமரவிடுங்கள். டேங்கை வடித்துவிட்டு மறுபடி நிரப்பியிருந்தால் காற்றுக் குமிழ் சிக்கியிருக்கும், அதற்கும் கீழிருந்து மேலே தண்ணீர் விடுவதே மருந்து.

டேங்கின் வெளிவாயிலில் டைமெத்தில்கிளையாக்சைம் சோதனை வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு அம்மோனியா, ஆல்கஹாலில் கரைத்த ஒரு சதவீத மருந்து இரண்டு சொட்டு. நிக்கல் இருந்தால் ரோஜா நிறத்தில் தொடங்கிச் செக்கச்செவேல் என்று பொங்கும். ஆய்வக முடிவு வரக் காத்திருக்காமல் ஷிஃப்ட்டுக்கு ஒரு முறை பார்க்கலாம். ஃபெரஸ் இரும்பு இருந்தாலும் சிவக்கும், சயனைடு இருந்தால் நிக்கல் இருந்தும் காட்டாது. இந்த இரண்டையும் மனதில் வையுங்கள்.

அறிகுறி: உள்ளே போவதை விட வெளியே அதிகம் வருகிறது

ஆய்வக அறிக்கையைப் பார்த்து, பாட்டில் மாறிவிட்டது என்று பலரும் தூக்கி எறிகிற எண் இது. பெரும்பாலும் எண் சரி. நிக்கலும் துத்தநாகமும் கலந்து வரும் தண்ணீரில் முதலில் இரண்டும் ஏறும். நாளாக ஆக, மேலிருந்து இறங்கும் நிக்கல் துத்தநாகத்தைக் கிளப்பிக் கீழே தள்ளும். தள்ளப்பட்டது ஒரு அலையாகச் சேர்ந்து வெளிவரும்போது உள்ளே போனதை விட அதிகமாக இருக்கும். செம்பு வந்தால் நிக்கலுக்கும் இதே கதி. ஆகவே எப்போது நிறுத்துவது என்பதை வரிசையில் கடைசியாக உள்ள உலோகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டு டேங்கை வரிசையாக இணைத்து, முதலாவதிலிருந்து தாண்டுவதை இரண்டாவது பிடிக்கிற மாதிரி வைத்தால் நிம்மதி.

எல்லா உலோகமும் ஒரே நேரத்தில் எகிறினால் காரணம் வேறு. எங்கிருந்தோ அமிலம் உள்ளே வந்திருக்கிறது. பி.எச். 2க்குக் கீழே போனால் இந்த ரெசினுக்கு நிக்கல் மேல் பிடியே இருக்காது, நாம் அறியாமலே ரீஜெனரேஷன் (அமிலம் விட்டு உலோகத்தை இறக்கி ரெசினைப் புதுப்பிப்பது) நடக்கிறது என்று பொருள். நுழைவாயிலில் பி.எச். மீட்டரும், 4க்குக் கீழே போனால் பம்பை நிறுத்தும் இணைப்பும் வையுங்கள். மொத்தச் செலவில் இது சில்லறை.

அறிகுறி: ரீஜெனரேஷன் முடித்த கையோடு பி.எச். தறிகெட்டு ஓடுகிறது

அமிலம் விட்டு உலோகத்தை இறக்கியதும் ரெசின் ஹைட்ரஜன் நிலையில் இருக்கும். அப்படியே ஓட்ட ஆரம்பித்தால், பிடிக்கும் ஒவ்வொரு நிக்கலுக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனியை வெளிவிடும். பைகார்பனேட் இல்லாத தண்ணீரில் 20 மில்லிகிராம் நிக்கல் பிடிபட்டாலே பி.எச். 3.2 வரை இறங்கிவிடும். அந்த அமிலத்தில் கீழடுக்கால் நிக்கலை நிறுத்த முடியாது.

சரி என்று காஸ்டிக்கை ஏராளமாக விட்டு முழு சோடியம் நிலைக்குக் கொண்டுபோனால் எதிர்ப்பக்கம் விழுவோம். பி.எச். 10க்கு மேல் ஏறி, நிக்கல் பெட்டுக்குள்ளேயே பச்சைக் கூழாக இறங்கும். வெளியே எண் அழகாக இருக்கும், உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும்.

பாதி சோடியம், பாதி ஹைட்ரஜன். அதுதான் வேண்டும். ரெசினின் மொத்தக் கொள்ளளவு லிட்டருக்கு 2 சமானம் என்றால் பாதிக்கு 1 சமானம், அதாவது லிட்டர் ரெசினுக்கு 40 கிராம் காஸ்டிக். 4 சதவீதக் கரைசலாக்கினால் ரெசின் அளவுக்குச் சமமான அளவே போதும். 100 லிட்டர் ரெசினுக்கு 100 லிட்டர் கரைசல். மேலிருந்து விட்டால் மேலடுக்கு முழுதாகவும் கீழடுக்கு வெறுமையாகவும் நிற்கும். விட்டு முடித்ததும் எண்ணெய் இல்லாத காற்றைக் கீழிருந்து கொடுத்துக் கலக்கி, ஒரு மணி நேரம் அமரவிடுங்கள். அதன் பின் அலசினால் பி.எச். 6, 7 பக்கம் நிற்கும்.

அமிலப் பக்கத்துக்கும் ஒரு அளவு: 8 முதல் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், ரெசினைப் போல இரண்டு மடங்கு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். அவசரப்பட்டு 15 நிமிடத்தில் விட்டால் அமிலம்தான் வீண்.

அறிகுறி: அழுத்தம் ஏறுகிறது, ஓட்டம் குறைகிறது

மேலடுக்கில் வண்டல், எண்ணெய், உடைந்த மணித்தூள் என்று வழக்கமான காரணங்களை நீண்ட பேக்வாஷ் தீர்க்கும். தீராத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று ஜிப்சம். கால்சியம் ஏறிய ரெசினில் கந்தக அமிலம் விட்டால் பெட்டுக்குள் ஜிப்சம் படிகம் விளைந்து சிமென்ட் போட்டதாகிவிடும். தண்ணீர் கடினமாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக்கே நல்லது. கந்தக அமிலம்தான் வேண்டுமென்றால் 2 சதவீதத்தில் வேகமாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள்.

இன்னொன்று வீக்கம். ஹைட்ரஜன் நிலையிலிருந்து சோடியம் நிலைக்குப் போகும்போது இந்த மணிகள், வகையைப் பொறுத்து, 30 முதல் 40 சதவீதம் வரை பெருக்கும். டேங்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பியிருந்தால் மணிகளுக்கு வளர இடமில்லாமல் ஒன்றையொன்று நசுக்கும். காஸ்டிக்கைக் கீழிருந்து மேலே விட்டால் பெட் தளர்ந்து விரியும்.

அறிகுறி: ஒவ்வொரு சுற்றிலும் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

ஒரு கைப்பிடி ரெசினை எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். புது மணி இளமஞ்சளாக, முழு உருண்டையாக இருக்கும். துருப்பிடித்த பழுப்பு என்றால் இரும்பு. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்தால் பெரும்பகுதி போகும். மணிகள் வழுவழுப்பாக ஒன்றோடொன்று ஒட்டினால் மினுமினுப்பு மருந்து, சவர்க்காரம், எண்ணெய் போன்றவை. சூடான 10 சதவீத உப்புக் கரைசலில் சிறிது காஸ்டிக் கலந்து கழுவுங்கள். முன்னால் கரி வடிகட்டி இல்லையென்றால் இது திரும்பத் திரும்ப வரும்.

விரலுக்கிடையில் வைத்து நசுக்கினால் கூழாகிறதா? அப்படியானால் குறுக்குப் பிணைப்பே அறுந்திருக்கிறது. ஹைப்போகுளோரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு, குரோமேட் இவற்றில் ஏதோ ஒன்று வந்து சேர்கிறது. சயனைடை அழித்த பின் மிஞ்சும் குளோரினை யாரும் கவனிக்காமல் விடுவது இதில் அடிக்கடி நடப்பது. இதற்கு மருந்து கிடையாது. காரணத்தை அடைத்துவிட்டு ரெசினை மாற்ற வேண்டும். காரணத்தை அடைக்காமல் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

வாங்கும்போதே 10 மில்லிலிட்டர் ரெசினில் செம்பு சல்ஃபேட் கரைசலை நிறையும் வரை விட்டு, அலசி, அமிலத்தில் இறக்கி, எவ்வளவு செம்பு வந்தது என்று எழுதி வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அதே சோதனை. மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே வந்ததும் புது ரெசினுக்கு விலை கேட்க ஆரம்பிப்பது என் வழக்கம்.

அறிகுறி: பாதரசம் மட்டும் நிற்கவில்லை

பாதரசத்துக்குத் தயால் ரெசின் வேண்டும், கந்தகக் கை கொண்டது. குளோரைடு நிறைந்த தண்ணீரிலும் பாதரசத்தை விடாது. அதன் பலவீனம் ஆக்சிஜனேற்றம்: குளோரின் பட்டால் இரண்டு தயால் சேர்ந்து டைசல்ஃபைடாகிவிடும், பிடி போய்விடும். முன்னால் கரி வடிகட்டியோ பைசல்ஃபைட்டோ கட்டாயம். தனிமமாகவோ துகளோடு ஒட்டியோ வரும் பாதரசத்துக்கு மூன்று பாட்டில் சோதனை இங்கேயும் பொருந்தும். ஏறிய பாதரசத்தை அடர் ஹைட்ரோகுளோரிக்கால் இறக்கலாம்தான். ஆனால் சின்ன ஆலைகளில் அதைச் செய்ய வேண்டாம், நிறைந்ததும் ரெசினோடு அபாயக் கழிவாகக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

அறிகுறி: கல்லூரி ஆய்வகத்தில் செய்த கைட்டோசான் மணி அமிலத்தில் கரைந்துவிடுகிறது

இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து காஸ்டிக்கில் சொட்டவிட்டு மணியாக்கும் மாணவர்கள் நிறைய. செம்பை அழகாகப் பிடிக்கும். ஆனால் அமிலத்தில் கரையும் பொருளை அமிலத்தாலேயே ரீஜெனரேஷன் செய்ய முடியாது. குளூட்டரால்டிஹைடாலோ எபிகுளோரோஹைட்ரினாலோ குறுக்கே பிணைத்தால் நிற்கும். குளூட்டரால்டிஹைடு உலோகத்தைப் பிடிக்கும் அமீன் கைகளையே பயன்படுத்திக்கொள்வதால் அளவு கூடினால் பிடிக்கும் திறன் குறையும். அதனால் இரண்டு மூன்று விகிதங்களில் செய்து ஒப்பிடுங்கள்.

இறக்கிய அமிலம் என்ன ஆகிறது?

எல்லாம் சரியாக ஓடும் ஆலைகளிலும் நான் கடைசியில் கேட்கும் கேள்வி இது. ரெசின் நிக்கலை அழிப்பதில்லை, சேர்த்துத்தான் வைக்கிறது. ரீஜெனரேஷனில் இறங்கும் அமிலத்தில் லிட்டருக்குப் பத்து, இருபது கிராம் நிக்கல் இருக்கும். அதை மெதுவாகச் சாக்கடையில் விடும் ஆலை, ஒரு வாரமாகப் பிடித்ததை ஒரு மணி நேரத்தில் திருப்பி விடுகிறது.

முதலில் வரும் அமிலத்தைத் தனியாகப் பிடியுங்கள், கரும்பச்சையாக இருக்கும், நிக்கலில் பெரும்பகுதி அதில்தான். பின்னால் வரும் வெளிறிய பகுதியை அடுத்த ரீஜெனரேஷனுக்கு முதல் அமிலமாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மென்னீராக இருந்து கந்தக அமிலம் பயன்படுத்தியிருந்தால் கையில் இருப்பது நிக்கல் சல்ஃபேட். மிஞ்சிய அமிலத்தை நிக்கல் கார்பனேட்டால் சமன்படுத்தி முலாம் தொட்டிக்கே திருப்பலாம். அதற்கு முன் செம்பும் துத்தநாகமும் பாருங்கள். அவை கொஞ்சம் இருந்தாலும் மின்னோட்டம் குறைவாகப் படும் உள்மூலைகளில் பூச்சு கறுத்துப் போகும். திருப்ப முடியாதது என்றால் காஸ்டிக்கில் வண்டலாக்கி, பிழிந்து, அபாயக் கழிவுப் பதிவேட்டில் எடையோடு எழுதி, அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பதிவேட்டில் உள்ள நிக்கலும் தண்ணீரில் உள்ளே வந்த நிக்கலும் மாதக் கடைசியில் கிட்டத்தட்டப் பொருந்துகிறதா என்று ஒரு முறை கூட்டிப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் மறுபடி மூன்று பாட்டிலை எடுக்க வேண்டும்.